பதவி கிடைத்த பிறகும் இயாகோ ஏன் நிறுத்தவில்லை?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 41 வயது. கொளத்தூரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் 14 வருஷமாக வேலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டெபுடி மேனேஜர். மேனேஜர் ரிடையர் ஆனால் அடுத்தது தான்தான் என்று இவர் மட்டுமல்ல, கேன்டீன்காரர் உட்பட எல்லோருமே நினைத்திருக்கிறார்கள். ஆனால் பதவி போனது இரண்டு வருஷம் முன்பு புனேயிலிருந்து வந்து சேர்ந்த, எம்பிஏ படித்த 33 வயதுக்காரருக்கு. "நைட் ஷிஃப்ட்டில் அவன் ஒரு நாள்கூட நின்றதில்லை மேடம், அவனுக்கு கேஜ் (அளவுக் கருவி) பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்" என்கிறார். செய்தியை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் போன மெயிலில்தான் இவரும் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் ஸ்வீட் பாக்ஸ் வந்தது, "காஜு கத்லியை மென்றுகொண்டே அவனுக்குக் கைகொடுத்தேன்."

சனி, ஞாயிறுகளில் இவர் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறார். மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில் ஒத்திகை. இப்போது தமிழில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' போடுகிறார்கள், தளபதி ஒத்தெல்லோவிடம் வேலை பார்த்துக்கொண்டே அவனைக் கவிழ்க்கிற இயாகோ வேஷம் இவருக்கு. இயாகோ காரணமே இல்லாத விஷம், அவன் சொல்கிற காரணமெல்லாம் சும்மா என்கிறார் இயக்குநர். இவரால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. "அனுபவசாலியான மூத்த சிப்பாய்க்குச் சேர வேண்டிய பதவியைப் புத்தகப் புழு ஒருத்தனுக்குக் கொடுத்தார்கள். அநியாயம் நடந்தது உண்மைதானே? நம்ம கர்ணனும் அதே மாதிரிதானே?" என்று வாதாடி, ஒத்திகை இரண்டு முறை பாதியில் நின்றிருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை. மனைவி, "நீங்க வீட்டிலயும் அந்த ஆள் மாதிரியே பேசறீங்க, சிரிப்புகூட மாறிப்போச்சு" என்கிறாராம்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் பின்குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறார். புது மேனேஜரும் அதே பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் ஒன்று இவர் போனில் இருக்கிறது. அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனபோது ஜூனியர் பையன் ஒருவன் படம் பிடித்து இவருக்கு அனுப்பியிருக்கிறான். ராத்திரி 11.40க்கு அந்தப் பெண் அனுப்பிய செய்தி, "நீங்க இல்லேன்னா நான் இன்னிக்கு அவ்வளவுதான்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். இதைப் பெயரில்லாமல் மேனேஜருடைய மனைவிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார். "பொய் எதையும் சேர்க்கவில்லை, உள்ளதைத்தானே அனுப்பப்போகிறேன்?" என்கிறார்.

கேள்விகள் மூன்று. இயாகோவின் குறை நியாயமானதா? அனுப்பலாமா? இந்த வேஷத்தை விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை உங்களிடம் யாரும் இதைச் சொன்னதாகக் கடிதத்தில் தெரியவில்லை. பதவி கிடைக்காதது ஒரு வலி, கிடைக்கவில்லை என்பதைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட உங்களை ஒரு ஆளாக மதிக்காதது வேறொரு வலி. படிக்கும்போது எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது. நீங்களும் மெயில், ஸ்வீட் பாக்ஸ் இரண்டையும் அத்தனை விவரமாக எழுதிவிட்டு, சம்பள வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நாடகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்களே அந்த வழியாகத்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

இயாகோ தன் குறையை யாரிடம் சொல்கிறான்?

உங்கள் இயக்குநர் சொல்வது புதுசு கிடையாது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் காலத்திலிருந்தே, இயாகோவுக்குள் இருப்பது காரணமற்ற வன்மம், அது தனக்கொரு காரணத்தைத் தேடி அலைகிறது என்று சொல்லிவருகிறார்கள். நீங்கள் இதை எதிர்ப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. இயாகோ வாய்திறந்ததுமே சொல்வது பதவிக் கதையைத்தான். ஊரின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் தனக்காக ஒத்தெல்லோவிடம் சிபாரிசுக்குப் போனார்கள், ஒத்தெல்லோ அதற்கு முன்பே காசியோவைத் துணைத்தளபதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டான், காசியோ போர்க்களத்தில் ஒரு படையைக்கூட நிறுத்தியறியாத கணக்குப்பிள்ளை, நானோ ரோட்ஸிலும் சைப்ரஸிலும் சண்டை போட்டவன், இப்போதெல்லாம் பணிமூப்புக்கு மதிப்பில்லை, சிபாரிசுக்கும் பிரியத்துக்கும்தான் பதவி. இதில் பெயர்களை மாற்றினால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான்.

ஆனால் இதையெல்லாம் அவன் யாரிடம் சொல்கிறான்? ரோடரிகோவிடம். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா மேல் ஆசை வைத்து, இயாகோவை நம்பிப் பணத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிற அப்பாவி அவன். ஒத்தெல்லோவை உனக்குப் பிடிக்காது என்றாயே, பிறகு அவனிடமே ஏன் வேலை பார்க்கிறாய் என்கிற சந்தேகம் அவனுக்கு வந்துவிட்டது, அதைத் தீர்க்கத்தான் இந்தப் பேச்சு. குறை உண்மையாகவே இருக்கட்டும். அந்த நேரத்தில் அது ஒருவனை மடக்கப் பயன்படுகிற சரக்கு. இன்னொன்று, ஒத்தெல்லோ ஏன் காசியோவைத் தேர்ந்தெடுத்தான் என்று நாடகத்தில் அவன் வாயாலேயே விளக்கம் வருவதில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் இயாகோ சொன்னதுதான். அதிலும் அவனே மாற்றி மாற்றிச் சொல்கிறான். முதல் அங்கம் முடியும்போது தனியாக நின்று, என் மனைவியோடு ஒத்தெல்லோ இருந்தான் என்று ஊரில் பேச்சு, அது நிஜமா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் நிஜம் என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். அடுத்த அங்கத்தில் காசியோ மேலும் அதே சந்தேகம். கடைசி அங்கத்தில்தான் வேறொன்று வெளியே வருகிறது. காசியோவின் வாழ்க்கையில் தினசரி ஒரு அழகு இருக்கிறது, அதன் பக்கத்தில் நான் அசிங்கமாகத் தெரிகிறேன் என்கிறான். எனக்கென்னவோ முழு நாடகத்திலும் அவன் மனசறிந்து சொன்ன உண்மை அது ஒன்றுதான் என்று படுகிறது.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். மூத்த சிப்பாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இயாகோவே தன் வயதைச் சொல்கிறான், நாலேழு இருபத்தெட்டு. மேடையில் நடுத்தர வயதுக்காரர்கள் நடிப்பதால் நமக்கு அப்படிப் பதிந்துவிட்டது. உங்கள் 41 வயதை அவனுக்கு நீங்கள் கடன் கொடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

மூன்றாம் அங்கத்தின் பெரிய காட்சியை மறுபடி படியுங்கள்

இயக்குநரிடம் வாதாடும்போது இந்த இடத்தை நீங்கள் தொடவே இல்லை. வசனம் மனப்பாடமாக இருக்கும், அதனால் கேட்கிறேன். மூன்றாம் அங்கத்தின் பெரிய காட்சி, கைக்குட்டைக் காட்சி, எப்படி முடிகிறது? இனி நீதான் என் துணைத்தளபதி என்று ஒத்தெல்லோ சொல்லிவிடுகிறான். என்றைக்கும் உங்கள் ஆள் நான் என்கிறான் இயாகோ. முடிந்தது. காசியோவின் வேலை அதற்கு முன்பே, குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ராத்திரியிலேயே போய்விட்டது. எது கிடைக்கவில்லை என்று முதல் காட்சியில் புலம்பினானோ அது கைக்கு வந்துவிட்டது. நாடகத்தில் இன்னும் இரண்டு அங்கத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

குறைதான் அவனை ஓட்டியது என்றால் வண்டி அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

இதை இயாகோவோடு விடாமல் பார்த்தால் பழைய துயர நாடகங்களில் திரும்பத் திரும்ப இதே சங்கதி தெரிகிறது. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில் எட்மண்ட். முறை தவறிப் பிறந்தவன் என்பதால் சொத்தில்லை, பட்டமில்லை, அவன் அப்பாவே இன்னொருவர் முன்னால் அவன் பிறந்த கதையை வேடிக்கையாகப் பேசுகிறார், அவன் பக்கத்திலேயே நிற்கிறான். இதைவிட நேரடியாக ஒரு அவமானத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட முடியாது. ஆனால் மூன்றாம் அங்கத்திலேயே அப்பாவின் பட்டம் அவனுக்கு வந்துவிடுகிறது. அதோடு நிறுத்தினானா? லியரின் மூத்த மகள்கள் இருவரையும் ஏமாற்றி, லியரையும் கடைசி மகள் கார்டீலியாவையும் கொல்லச் சொல்லி ஆளனுப்பும் வரை போகிறான்.

மெடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 431-இல் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம். அவளுடைய குறைக்கு முன்னால் உங்களுடையதும் என்னுடையதும் ஒன்றுமே இல்லை. கணவன் யாசோனுக்காக அப்பாவை விட்டாள், ஊரை விட்டாள், அண்டிய ஊரில் அவன் அரசனின் மகளைக் கட்டிக்கொண்டான், அரசன் இவளை நாடு கடத்துகிறான். கேட்பதற்கு ஒரு நாதி இல்லை. அப்போது ஏதென்ஸ் அரசன் ஏகியஸ் வந்து, என் ஊருக்கு வா, யார் கேட்டாலும் உன்னைக் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். போக்கிடம் கிடைத்தாகிவிட்டது. அவன் அந்தப் பக்கம் போனதும்தான், பிள்ளைகளைக் கொல்லப்போகிறேன் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள்.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இயாகோவின் குறை நியாயமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவன் செய்ததற்குக் காரணம் அது கிடையாது. குறை என்பது ஒரு பரிகாரத்தைக் கேட்கும், பரிகாரம் கிடைத்தால் அடங்கும். பரிகாரம் கிடைத்த பிறகும் அடங்காமல் எது மிஞ்சுகிறதோ அதுதான் உள்நோக்கம். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். நாளைக்குக் காலையில் உங்கள் எம்.டி. கூப்பிட்டு, தப்பு நடந்துவிட்டது, மேனேஜர் நீங்கள்தான் என்று சொன்னால், அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுவீர்களா? உடனே 'ஆமாம்' என்று வந்தால் உங்களுக்கு வேண்டியது பதவி, அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். 'இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்று வந்தால் நாம் பேச வேண்டியது வேறு. பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கர்ணன் பற்றிக் கேட்டீர்கள். அவனை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். நம் ஊர்த் தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்த்திருந்தால் தெரியும், மனைவி பொன்னுருவி முதற்கொண்டு பிறப்பைச் சொல்லி அவனைக் குத்தாதவர்கள் இல்லை. அவனுக்கும் போருக்கு முன்பே பரிகாரம் வருகிறது. நீ குந்தியின் மூத்த மகன், பட்டம் உனக்குத்தான் என்று கண்ணனே சொல்கிறான். அவன் வேண்டாம் என்கிறான், துரியோதனன் செய்த நன்றிக்காக. அவன் சுத்தமானவன் என்று சொல்ல வரவில்லை, சபையில் திரௌபதியை அவன் பேசிய பேச்சு மறக்கக்கூடியதல்ல. ஆனால் பட்டம் கிடைத்தும் பகை தீராதவன் இயாகோ, பட்டமே வேண்டாம் என்று பட்ட கடனுக்காகச் சாகப் போனவன் கர்ணன், இரண்டும் ஒன்றாகாது.

அந்தப் படம்

உள்ளதைத்தானே அனுப்புகிறேன் என்கிறீர்கள். கைக்குட்டையும் உள்ளதுதான். அது ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த அதே கைக்குட்டை, காசியோ கையில் இருந்ததும் நிஜம். அவளுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒத்தெல்லோவை நம்பவைக்க, அதைக் காசியோவின் அறையில் கொண்டுபோய்ப் போட்டவன் இயாகோ. உங்கள் படத்தில் மேலே இருந்த செய்திகளும் இல்லை, கீழே இருந்தவையும் இல்லை. அன்றைக்கு வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட் என்றும், அந்தப் பெண் தயார் செய்த ரிப்போர்ட்டில் தவறு இருந்து எல்லோரும் ராத்திரி வரை உட்கார்ந்தார்கள் என்றும் கடிதத்தின் வேறொரு இடத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுத் தள்ளிவைத்திருக்கிறீர்கள்.

'ஒத்தெல்லோ'வில் கடைசியில் யார் யார் பிணமாகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரோடரிகோ, டெஸ்டிமோனா, எமிலியா, ஒத்தெல்லோ. யார் மேல் பதவிக் கோபமோ அந்த காசியோ காலில் காயத்தோடு பிழைத்து, சைப்ரஸின் ஆளுநராகிறான்! உண்மையைப் போட்டுடைக்கும் எமிலியாவை, தன் சொந்த மனைவியை, இயாகோவே குத்துகிறான். உங்கள் விஷயத்திலும் முதலில் அடிபடப்போவது மேனேஜர் இல்லை, அந்தப் பெண். நம் ஆபீஸ்களில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் ஆணுக்கு ஒரு மாதம் கிசுகிசு, பெண்ணுக்கு அது கூடவே வரும். அவர் உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்தது அந்த ஜூனியர் பையன். உங்களைச் சந்தோஷப்படுத்த எடுத்துக் கொடுத்தவன், விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுகிறவன்.

சட்டமும் நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. உண்மையாக இருந்தால் அவதூறு ஆகாது என்பது பரவலான தப்பெண்ணம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உண்மை என்பது மட்டும் போதாது, அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் மனைவிக்குப் பெயரில்லாமல் அனுப்பும் படத்தில் என்ன பொது நன்மை இருக்கிறது? இரண்டு வருஷம் வரை சிறை விதிக்க அதில் இடமுண்டு. அந்தப் பெண் பாலியல் துன்புறுத்தல் புகார்களைப் பார்க்கும் கம்பெனியின் உள்விசாரணைக் குழுவுக்கும் போகலாம், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்தது தனி வம்பு. பெயரில்லாமல் அனுப்பினால் தெரியாது என்று நம்பாதீர்கள். வாட்ஸ்அப்போ மெயிலோ, போலீஸ் கேட்டால் தடம் கிடைக்கும், அதற்கு முன்பே அந்தப் பையன் பயத்தில் சொல்லிவிடுவான்.

எனவே அனுப்ப வேண்டாம். இதில் சாதகம் பாதகம் என்று எடைபோட எனக்கு ஒன்றும் இல்லை.

கம்பெனியில் செய்யக்கூடியது

14 வருஷ சர்வீஸ் இருப்பதால் பதவி உயர்வு உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு வேலையில் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படும் உரிமையை அரசியல் சாசனத்தின் வழியாகக் கேட்க முடியும். தனியார் கம்பெனியில் உங்கள் நியமனக் கடிதமும் கம்பெனியின் பணி விதிகளும் என்ன சொல்கின்றனவோ அதுதான், பணிமூப்பு மட்டும் தனியாக உரிமையைத் தராது. அந்த இரண்டு காகிதத்தையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். பதவி உயர்வுக்கு ஏதாவது வரையறை எழுதியிருந்து அதை மீறியிருந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் கோர்ட் வழி வீண் அலைச்சல்.

அதைவிட உடனே செய்யக்கூடியது, எம்.டி.யிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குவது. 'ஏன் எனக்குத் தரவில்லை' என்று ஆரம்பித்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். 'இந்தப் பதவிக்கு என்ன பார்த்தீர்கள், அதில் நான் எங்கே குறைந்தேன், அடுத்த நிலைக்கு என்ன வேண்டும், எப்போது?' என்று கேளுங்கள், பேசியதை அன்றே மரியாதையாக ஒரு மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மெயிலில் தெரிந்துகொண்டது வலித்தது என்பதையும் ஒரு வரி சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒத்தெல்லோவிடம் போய், ஏன் காசியோ என்று நேருக்கு நேர் கேட்பதை மட்டும்தான் இயாகோ ஐந்து அங்கத்திலும் செய்யவில்லை, கவனித்தீர்களா?

அவர் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனை உதிரிபாகக் கம்பெனிகள் இருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வெளியே விசாரிப்பது துரோகம் என்கிற நினைப்பு உங்களுக்கு இருக்கிறது, விட்டுவிடுங்கள். போகாவிட்டாலும், போக முடியும் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி உட்காருவது.

வேஷத்தை விட வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒத்திகை முடிந்ததும் நேரே வண்டியை எடுக்காதீர்கள். ஒத்திகைச் சட்டையை அங்கேயே மாற்றி, முகம் கழுவி, கூட நடிக்கிறவர்களை அவரவர் சொந்தப் பெயரில் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் வேறு ஏதாவது பேசிவிட்டுக் கிளம்புங்கள். சின்னதாகத் தெரியும், ஆனால் நடிப்பைச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறவர்கள் இந்த வேஷம் கலைப்பதைக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் வசனம் பார்க்க வேண்டாம். உங்கள் மனைவி சிரிப்பு மாறியதைச் சொன்னாரே, அதற்கு எரிச்சல்படாமல் 'எப்போ அப்படிச் சிரிக்கிறேன்?' என்று அவரிடமே கேளுங்கள். அவர் பார்த்தது எனக்குக் கிடைக்காத தகவல்.

இயக்குநரோடு சண்டைக்கும் ஒரு வழி சொல்கிறேன், நான் நாடகக்காரி இல்லை, வேண்டாம் என்றால் தள்ளிவிடுங்கள். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது 1565-இல் வெளிவந்த சிந்தியோ என்ற இத்தாலியரின் கதையிலிருந்து. அதில் இயாகோவின் இடத்தில் இருப்பவன் டெஸ்டிமோனாவை விரும்பி, அவள் திரும்பிப் பார்க்காததால் வெறுப்புக்குப் போகிறவன். பதவிக் குறை அதில் கிடையாது. தெளிவாக இருந்த அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு, பதவிப் புலம்பலை ஷேக்ஸ்பியர்தான் முதல் காட்சியில் கொண்டுவந்து வைக்கிறார், பிறகு பாதி நாடகத்தில் அந்தப் பதவியையும் கொடுத்துவிடுகிறார். அதனால் முதல் காட்சியில் குறையை நீங்கள் நம்புகிற மாதிரியே, முழு உண்மையாக நடியுங்கள். மூன்றாம் அங்கத்தில் பதவி கைக்கு வரும் அந்த நொடியில், ஒன்றுமே நிறையவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரியட்டும். இயக்குநருக்கும் அது போதுமென்று தோன்றுகிறது.

தூக்கம் பற்றி ஒன்று கேட்டாக வேண்டும். இயாகோ கோபத்தை வெளியே திருப்பியவன். கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் நாடகத்தில் அயாக்ஸ் அதை உள்ளே திருப்பியவன். இறந்துபோன மாவீரன் அக்கிலிஸின் கவசம் தனக்கு வரும் என்று இருந்தவன், அது சக வீரன் ஒடிஸியஸுக்குப் போனது, ஓட்டில் தில்லுமுல்லு என்று அவன் தம்பியே பின்னால் சண்டை போடுகிறான். பழிவாங்கப் போய், புத்தி மாறி ஆடுமாடுகளை வெட்டிவிட்டு, தெளிந்ததும் அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறான். மனைவியாக வாழ்ந்தவள் கெஞ்சியது அவன் காதில் விழவில்லை. கடைசியில் அவனுக்கு முறையான அடக்கம் வேண்டும் என்று வாதாடி வாங்கித் தருவது யார் தெரியுமா? அவன் அத்தனை வெறுத்த ஒடிஸியஸ். உங்களுக்கு அப்படியான நினைப்பு எதுவும் கடிதத்தில் தெரியவில்லை, ஆனாலும் மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கும்போது எதற்கு இருக்கணும் என்கிற மாதிரி ஒரு நாள் வந்தால்கூட 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஜூனியர் பையனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், படத்தை அழித்துவிட்டேன், நீயும் உன் போனில் அழித்துவிடு, இனிமேல் இப்படி எனக்கு எதுவும் எடுத்துக்கொண்டு வராதே என்று சொல்லுங்கள். அவனைத் திட்ட வேண்டாம், உங்கள் முகம் பார்த்துத்தான் அவன் அதைச் செய்திருக்கிறான். முதலில் உங்கள் போனில் அழித்துவிட்டுப் பேசுங்கள், கேலரியிலும் பேக்கப்பிலும் சேர்த்து.